ஆள் மாற்றும் வரை

இரவு பதினொன்றே முக்கால். புறவழிச்சாலை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள்... எப்போதாவது ஒரு லாரி. அந்தச் சாலையில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, சீட்டின்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள் அண்ணி.

யாருடைய அண்ணி என்று கேட்காதீர்கள். கூடப் படித்த ஒருத்தியின் அண்ணி. நம்மைப் போல வேலைக்குப் போகிறவள்தான். கரண்ட் வரும்வரை கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

தனியாக இருக்கும் நோயாளிகளுக்கு இரவுத் துணைக்கு நர்ஸம்மாக்களை அனுப்பும் ஒரு செயலி. அதன் உள்வேலை முழுக்க அண்ணி எழுதியது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் கட்டுவார்கள். கட்டியதும், பணத்தை வாங்கும் சேவையிலிருந்து செயலிக்கு ஒரு தகவல் வரும். வெப்ஹுக் என்பார்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் மறுபடி வரும். பிறகு ஐந்து நிமிடம். அரைமணி. இரண்டு மணி... மூன்று நாள் விடாது.

“கடன்காரன் மாதிரியா?” என்று கேட்கிறீர்களா?

கடன்காரனாவது சாப்பிடப் போவான். இது போகாது.

அந்த வாரம் ஏதோ கோளாறு. செயலி பதில் சொல்லாமல் முடங்கி முடங்கி நின்றது. ஒவ்வொரு தகவலுக்கும் அண்ணியின் போனில் எச்சரிக்கை மணி. அப்படிச் சாலையோரம் நின்றது மூன்றாவது ராத்திரி. கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிச்சல். மேலாளர் வேறு போனில், “ஒரே ஒரு வரி மாத்தினா போதும்னியேம்மா... அந்த வரி இன்னும் முடியலையா?”

மாற்றினாள். எது வந்தாலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்லிவிடு. எங்கேயும் எழுதி வைத்துக்கொள்ளாமலே. முதலில் எழுதிக்கொள், பிறகு பதில் சொல் என்பது புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆனால் மணி நின்றது. அந்த அமைதி நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல இருந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

அந்த இரவில் ஏழு தகவல்கள் வந்திருந்தன; எதுவும் பதிவாகாததால் ஒன்றுக்கும் ஆள் போகவில்லை. ஆறு பேர் போன் செய்து சத்தம் போட்டார்கள், ஆள் போனது. ஏழாவதுக்கு யாரும் சத்தம் போடவில்லை.

காலையில் ஒரு மகள் பேசினாள். குரலே உயரவில்லை. “ஆள் வர்றாங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேம்மான்னாரு. அப்புறம் போனை எடுக்கல.”

குளியலறை வாசலில் உயிரில்லாமல் கிடந்தாராம்.

நிறுவனம் வருத்தம் சொன்னது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஒரு வரியைப் பற்றி அண்ணி யாரிடமும் மூச்சு விடவில்லை. இரவோடு இரவாக அதை அழித்துவிட்டாள்.

பத்து நாள் போயிற்று. பதினொன்றே முக்காலுக்கு... அதே தகவல். அந்தப் பெரியவருக்கு ஆள் கேட்டு. ஒரு நிமிடம் கழித்து மறுபடி. ஐந்து நிமிடம். அரைமணி...

போலி இல்லை. பணச் சேவையின் முத்திரை சரியாக இருந்தது. பணச் சேவைக்காரனைக் கேட்டாள். “நீங்கதான் அன்னைக்கே வாங்கிட்டேன்னு சொல்லிட்டீங்களே மேடம். நாங்க எதுக்குத் திரும்ப அனுப்பப் போறோம்?”

பதில் சொன்னாலும் வந்தது. வழியை அடைத்தாலும் வந்தது. மறுபடி மூன்று இரவுகள். புருஷன் கேட்டதற்கு, “வேலை” என்று மட்டும் சொன்னாள். உண்மையில் அவளுக்குப் பயம்கூட வரவில்லை. பயப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா? கேட்கிறதைக் கொடுத்துவிட்டால் ஓயுமோ என்றுதான் தோன்றியது.

நான்காம் இரவு, அந்தத் தகவலைத் தடுக்காமல் உள்ளே விட்டாள். செயலி தன் வேலையைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸம்மாவை அனுப்பிவிட்டது. பெரியவர் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் வீடு, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள் என்று அண்ணி கணக்குப் போட்டாள்.

அரைமணியில் போன். “வந்துட்டேன் மேடம். ஐயா கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்காரு. பாவம், கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு...”

அண்ணி ஸ்கூட்டரை எடுத்தாள்.

தெருவில் ஒரு விளக்கு. அந்த வீட்டில் அதுவும் இல்லை. கதவில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு, பூட்டில் சிலந்தி வலை. படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கதவிடுக்கில் தைல வாசனை. உள்ளே... டம்ளரில் கரண்டி கலக்கும் சத்தம். மெதுவாக.

தட்டினாள்.

“மேடமா? சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தாரு.”

“நீ வெளிய வா. உடனே வா.”

“எப்படி மேடம் வர்றது? ஆள் மாத்த யாராச்சும் வந்தாத்தானே நான் கெளம்ப முடியும்? உங்க சட்டம்தானே அது... எனக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு.”

அண்ணி போனைப் பார்த்தாள். அந்த நேரத்தில் வரக்கூடிய ஆள் என்று பட்டியலில் ஒருவரும் இல்லை. உள்ளே மின்விசிறி கிறீச்... கிறீச்... என்று சுற்றியது. கட்டிலருகே ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவளிடம் விடியும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கால்கள் அப்படி வலித்தன அவளுக்கு.

காலையில் நர்ஸம்மா தன் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். ஒரு குறையும் இல்லை. அண்ணியைக் காணோம் என்று விசாரித்தவர்களிடம், “உங்க மேடமே வந்து மாத்திவிட்டாங்களே! நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க” என்றாள்.

சிநேகிதியின் அண்ணன்தான் பூட்டை உடைத்தார். உள்ளே யாரும் இல்லை. தரையில் தூசி, ஒரு காலடிகூட இல்லை. வாசல் படியில் அண்ணியின் செருப்பு மட்டும், ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி.

அதை வீட்டுக்கு எடுத்துவந்து வைத்திருக்கிறார். ஏழு மாதம் ஆகிறது. பாதம் படுகிற இடத்தில் கை வைத்துப் பார்த்தால்... இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல இன்னும் சூடு இருக்கிறதாம்.