நெட் இல்லாதவங்க ஓட்டு

தலைவர் கடிகாரத்தைப் பார்க்குறாரு... தெரியுதுங்க ஐயா. அஞ்சே நிமிஷம். பெற்றோர் சங்கத்துல இத்தனை பேர் கூடியிருக்கும்போது ஒரு சின்னக் கதையாவது சொல்லாம நான் மேடையை விட்டு இறங்கினா, எனக்குச் சோறு இறங்காது!

போன்ல ஆடுற கேம் பத்தின கதை. முகத்தைச் சுளிக்காதீங்கம்மா... இது பெரியவங்க ஆடுறது.

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனி. மூணே பேர். அவங்க 'மலை பஸ்'னு ஒரு கேம் செஞ்சாங்க. நீங்கதான் டிரைவர். நாற்பது கொண்டை ஊசி வளைவு. பஸ் நிறைய ஆளுங்க. ஒருத்தர்கூட வாந்தி எடுக்காம கீழ இறக்கணும். அவ்வளவுதான் ஆட்டம்! சிரிக்கிறீங்க... ஆடிப் பாருங்க, அப்பத் தெரியும்.

நெட் இருந்தா மத்தவங்களோட போட்டி போடலாம். நெட் இல்லேன்னாலும் தனியா ஆடலாம். அந்த ஸ்கோர் போன்லயே இருக்கும், அப்புறம் நெட் கிடைச்சதும் எல்லாரும் பார்க்குற ஸ்கோர் பட்டியல்ல ஏறிடும். வில்லங்கம் அங்கதான் வந்துச்சு! சில பேர் நெட்டை அணைச்சு வச்சிட்டு, போன்ல இருக்குற ஸ்கோரைத் திருத்தி, முதல் இடத்துல போய் உட்கார்ந்துட்டாங்க. கம்பெனிக்காரங்க பார்த்தாங்க. "இனிமே நெட் இல்லாம ஆடவே முடியாதுன்னு மாத்திடலாமா? நீங்களே பேசி முடிவு சொல்லுங்க"ன்னு ஆடுறவங்களோட வாட்ஸப் குழுவுல போட்டுட்டாங்க.

அவ்வளவுதான்... சந்தைக்கடை ஆயிடுச்சு.

சென்னை வேளச்சேரியில இளமாறன்னு ஒருத்தர். நிஜமாவே ஆடி ஜெயிச்ச ஆளு. திருட்டு ஸ்கோரால அவரு ஒண்ணுலேர்ந்து ஆறுக்கு இறங்கிட்டாரு. கோவம் வருமா வராதா? "நெட் இல்லாத ஆட்டத்தை எடுத்துடுங்க! இந்தக் காலத்துல நெட் இல்லாத ஆளு எவன் இருக்கான்?"

இன்னொருத்தர், "சார், எங்க மலை கிராமத்துல சிக்னல் வராதே?"

"வர்ற இடத்துக்கு வந்து ஆடுங்க!"

ஓட்டெடுப்பு வச்சாங்க. எடுத்துடலாம்னு நானூத்திப் பன்னிரண்டு. வேண்டாம்னு ஒன்பது. இளமாறன் விடுவாரா? "எங்க இருக்கு அந்த நெட் இல்லாத ஜனம்? ஒன்பது பேருதானா?"

அப்போ கன்னியாகுமரிப் பக்கத்துலேர்ந்து ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு எழுதிச்சு. "அண்ணா, எங்க வீட்டுக்காரரு ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போயிருக்காரு. படகுல பதினோரு பேரு. நாற்பது நாளு கரையே கிடையாது. பொழுது போறதுக்கு அவங்களுக்கு இருக்குறது இந்தக் கேம்தான். ஓட்டுப் போட அவங்களுக்கும் ஆசைதான் அண்ணா... ஆனா ஓட்டுப் போடவே நெட் வேணுமே?"

இளமாறன் கேட்டாரு, "படகு எப்போம்மா கரைக்கு வரும்?"

"பன்னிரண்டாம் தேதி."

மனுஷன் ரயில் ஏறிட்டாருங்க!

துறைமுகத்துல படகு வந்து நிக்குது. மீனை இறக்கி முடிச்சுட்டு, ஜெனிட்டாவோட வீட்டுக்காரரு ஒருத்தரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றாரு. படகுச் சமையல்காரர். அம்பத்தஞ்சு வயசு. பேரு என்ன தெரியுமா? வியாகுலம்! பேருக்கு அர்த்தம்தான் துக்கம்... ஆளு சிரிப்பை நிறுத்துறதே இல்ல.

"சென்னையிலேர்ந்து வந்த சாம்பியனா? வாரும் மக்ளே, ஒரு ஆட்டம் போடுவோம்!"

கீறல் விழுந்த பழைய போன். அதே போன், அதே பாதை, ஆளுக்கு ஒரு தடவை. முதல்ல இளமாறன். சல்லுனு இறக்கிட்டாரு... மூணு பேர் வாந்தி. அடுத்து வியாகுலம். பத்தாவது வளைவு... இருபது... முப்பது... சுத்தி நிக்குற பத்து பேரும் மூச்சு விடல. நாற்பது! ஒருத்தர்கூட வாந்தி எடுக்கல! அந்தக் கூச்சலுக்குத் துறைமுகத்துல இருந்த காக்கா அத்தனையும் பறந்துடுச்சாம்!

இளமாறன் வாயைப் பொளந்துட்டாரு. "அண்ணாச்சி, நீங்க என்ன முன்னாடி பஸ் டிரைவரா?"

"நான் சைக்கிள்கூட ஓட்டுனது கிடையாது மக்ளே! அலையில படகு ஆடும்போது குழம்பு சிந்தாம சமைக்குறவன் நான். பஸ்ஸுல இருக்குற ஆளுகளும் குழம்பு மாதிரித்தான்... சட்டுனு திருப்புனா சிந்திரும்!"

இளமாறன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்தத் துறைமுகம் பார்த்திருக்காது. படகுலயே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டாரு. பதினோரு பேரையும் வரிசையா நிக்க வச்சு, ஆளாளுக்கு "ஆட்டத்தை எடுக்காதீங்க"ன்னு சொல்றதை வீடியோ எடுத்துக் குழுவுல போட்டாரு. கீழ ஒரு வரி எழுதினாரு: "என் ஓட்டை மாத்திக்கிறேன்."

ஒவ்வொருத்தரா மாத்தினாங்க. கம்பெனியும் யோசிச்சுது. நெட்டுல ஆடுற ஸ்கோர் மட்டும் பட்டியல்ல ஏறும், நெட் இல்லாம ஆடுறது அவங்கவங்க போன்லயே இருக்கும்னு ஆக்கிட்டாங்க. திருட்டும் நின்னுது, படகுல ஆட்டமும் நிக்கல.

இப்போ சொல்லுங்க... இளமாறன் கெட்டவரா? இல்லவே இல்ல. அந்த நானூத்திப் பன்னிரண்டு பேரும் நல்லவங்கதான். அவங்க பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணு. வர முடியாதவங்களை, அவங்களால வர முடியாத இடத்துல வச்சுக் கேட்டாங்க. பதில் வரலேன்னதும், அப்படி ஆளே இல்லேன்னு முடிவு பண்ணிட்டாங்க.

நாம இன்னிக்கு என்ன பண்ணப் போறோம்? பள்ளிக்கூட அறிவிப்பெல்லாம் இனிமே போன் ஆப்ல மட்டும்தான், பிள்ளைங்க கையில சீட்டு கொடுத்து அனுப்ப மாட்டோம்னு ஒரு தீர்மானம். கையைத் தூக்கச் சொன்னா இங்க இருக்குற எல்லாருமே தூக்குவீங்க. ஆனா இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி! கட்டட வேலைக்குப் போன அப்பா இங்க இருக்காரா? மில்லுல ஷிப்டுல நிக்குற அம்மா இருக்காங்களா?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டுக்கே போய்க் கேட்போம். நான் போறேன். என்கூட யாரெல்லாம் வர்றீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்...

அட... அட! ஐயா, தலைவரே... எண்ணவே முடியலீங்க!