யாகோப்பு சொன்னதும் நான் சொன்னதும்

பிள்ளை சுபானி, நான் மொழிபெயர்க்கப் போனால் நோயாளிகள் பயப்பட மாட்டார்கள் என்று பீலெஃபெல்டில் எல்லோரும் சொல்வார்கள். முப்பது வருடமாக எங்கள் ஆட்கள் டொக்டரைப் பார்க்கப் போகும் டெர்மின்களுக்குக் கூடப் போயிருக்கிறேன். டொக்டர் கடுமையாகச் சொல்வதைக் கொஞ்சம் பதமாக்கிச் சொல்வேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. நீங்களும் இதே தொழில் செய்கிறவர், உங்களுக்கு விளங்கும். பொலிஸ் எழுதித் தரச் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஜெர்மனில் மாற்றிக் கொடுங்கள்.

என் தம்பி யாகோப்பு மன்னாரிலிருந்து கனடாவுக்குப் போனது எண்பத்தாறில். கிழமை நாட்களில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறு வடக்கே பஸ் பிடித்துப் போய், ஏரிக்கரைப் பாறையில் குந்தியிருந்து படம் கீறுவான். புகைப்படம் பார்த்துக் கீறமாட்டான். நினைவிலிருந்தும் கீறமாட்டான். பனி கொட்டினாலும் அந்த இடத்தில் இருந்துதான். முதலில் கோயில் மண்டபத்தில் படங்களை வைத்தார்கள், பிறகு பெரிய கூடங்களில். மனைவி செத்த பிறகும் அவன் நிறுத்தவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் புரட்டாதியில் இங்கே கொலோன் நகரத்தில் அவனுடைய கண்காட்சி நடந்தது. வாசலில் ‘கனேடிய நிலக்காட்சி ஓவியர்’ என்று எழுதியிருந்தது. அறுபத்திரண்டு படங்கள். ஏரி, பாறை, பைன் மரம், உறைபனி. ஒன்றிலாவது ஒரு மனிதர் இல்லை. நான் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன்.

அந்தக் கிழமையே என் வீட்டில் அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. இங்கிலீசு முழுவதும் போய், தமிழ் மட்டும் மிஞ்சியது. ஆகவே அவனுக்கு நான்தான் வாய்.

ஆறு கிழமையில் துணையோடு விமானம் ஏறலாம், கனடாவில் பயிற்சி நிலையத்தில் இடம் இருக்கிறது, போக விருப்பமா என்று டொக்டர் கேட்டார்.

“போகோணும் அக்கா. ஏரி உறையிறதுக்கு முன்னம் போகோணும் எண்டு சொல்லு.”

தம்பி அக்காவோடு இருக்கத்தான் விரும்புகிறார், தூரப் பயணம் அவருக்குப் பயம் என்று டொக்டரிடம் சொன்னேன்.

“நான் சொன்னது கட்டை. நீ என்ன இவ்வளவு நீளமாச் சொல்லுறாய்?”

“ஜெர்மன் அப்பிடித்தானடா.”

அவன் சிரித்தான். வாயில் ஒரு பக்கம்தான் சிரித்தது. ஆளில்லாத இடத்துக்கு அவனை எப்படி அனுப்புவது, சொல்லுங்கள்.

அவனுடைய மகள் லவினியா டொரொன்டோவிலிருந்து கிழமைக்கொரு தரம் டெலிபோன் எடுப்பாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை.

“அப்பா எப்ப வாறார், மாமி? நான் வரட்டா?”

“வரவேண்டாமாம் பிள்ளை. இந்தக் கோலத்தை நீ பாக்கக் கூடாதாம்.”

அவனிடம், டொக்டர் இன்னும் விடவில்லை என்றேன். கைப்பயிற்சிக்கு வந்த பெண்ணிடம், அவருக்கு விருப்பமில்லை, இனி வரவேண்டாம் என்றேன். இவையெல்லாம் பொய் என்று நீங்கள் எழுதலாம்.

மாசியில் அவன் இடது கையால் கீறத் தொடங்கினான், மருந்துப் பெட்டி மட்டையில். நினைவிலிருந்து கீறமாட்டான் என்றேனே, கீறினான். அவனுக்கு முன்னால் என் குசினி இருந்தது, நான் அதில் நின்று சமைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஏரியைக் கீறினான்.

பென்சிலை எடுத்துவிட்டேன். விரலைத் தேத்தண்ணியில் தொட்டு மேசையில் கீறினான். ஆகவே கையைக் கட்டினேன். பழைய நூல் சேலையைக் கிழித்து, உறுத்தாமல் நாலாக மடித்து, விரல்களை உள்ளே மடக்கிச் சுற்றி, கதிரைக் கையோடு கட்டினேன். காலையும் மாலையும் அவிழ்த்து, வெந்நீரில் கழுவி, பவுடர் போட்டேன். சோறு நானே ஊட்டினேன். முதல் கிழமை “அவிட்டு விடக்கா” என்றான். பிறகு கேட்கவில்லை. பதினொரு மாதம். அவ்வளவு நாளும் வீட்டில் ஒரு சச்சரவு இல்லை.

தையில் லவினியா சொல்லாமல் வந்து நின்றாள். துணியை அவளே அவிழ்த்தாள். விரல்கள் விரியவில்லை. இனி விரியாதாம்.

செய்தது நான்தான். என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன்.

நாளைக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் யாகோப்புவிடம், அக்காவைப் பார்க்க விருப்பமா என்று கேட்கப் போகிறீர்களாம். அவன் களைத்துப் போயிருப்பான், பிள்ளை. அவனைக் கரைச்சல்படுத்த வேண்டாம். ஓம் என்றே எழுதிவிடுங்கள்.