பன்னிரண்டாவது டோக்கன்

பெரியகுளத்தில் தேனி பஸ் ஏறிய பெண், புதிதாகக் கிடைத்த பட்டாவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டே பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "இன்னைக்குத் தாலுகா ஆபீசுல எங்க மாந்தோப்பு மொதலாளி எனக்குப் பின்னால காத்துக் கெடந்தாக!"

"அவுக நேரா உள்ள போற ஆளாச்சே?"

"போனாக. புதுசா வந்த தாசில்தாரம்மா, டோக்கன் வாங்கிட்டு வாங்கன்னு வெளிய அனுப்பிட்டாக. எனக்குப் பதினொண்ணு, அவுகளுக்குப் பன்னெண்டு."

"ஆத்தாடி! சும்மாவா இருந்தாக?"

"அவசரமா இருக்கு, டோக்கனை மாத்திக்கிருவமான்னு கேட்டாக."

"குடுத்துட்டியா?"

"எட்டு மாசமா நடையா நடந்திருக்கேன். அங்கன எனக்கு எப்பவும் சொல்றதையே நானும் சொன்னேன்."

"என்னன்னு?"

"இன்னைக்கு முடியாது, நாளைக்கு வாங்கன்னு."