வி.கே. சார் கை வைத்த வண்டி

கொடுத்த விலைக்கு அது நல்ல வண்டிதான், இன்ஸ்பெக்டர் சார். பேட்டரி சைக்கிளில் அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. சீட் கட்டை மாதிரி இருக்கும், மழையில் நனைந்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இரண்டையும் மறைக்காமல் இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறேன். தொம்மலூரிலிருந்து பெங்களூர் டிராஃபிக்கில் சிக்காமல் ஆபீஸ் போய்ச் சேரலாம் என்றும் எழுதினேன். அதைப் படித்துவிட்டுப் பலர் வாங்கினார்கள். அவர்களுக்காக ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்குக்கு வண்டிகளைக் கொண்டுவருவார்கள். செயின், பிரேக், ஒயரிங் எல்லாம் நானே பார்த்துக் கொடுப்பேன். வி.கே. சார் கை வைத்தால் போதும் என்பார்கள். வீட்டில்கூட யாரும் என்னை அப்படி மதித்ததில்லை.

ஹரிஷ்குமாரும் நான் எழுதியதைப் படித்து வாங்கியவன்தான். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறான். மழை தொடங்கியதும் குழுவில் புலம்ப ஆரம்பித்தான். நடுரோட்டில் மோட்டார் நின்றுபோனதற்கு ஒரு வீடியோ, தள்ளிக்கொண்டு போனதற்கு ஒரு வீடியோ. ஒருநாள், "யாரும் வாங்காதீங்க. வி.கே. சார் ரிவ்யூவ நம்பி ஏமாந்தேன். பில்டப் ஜாஸ்தி, வண்டி டப்பா" என்று போட்டான். அதற்குச் சிரித்தவர்களில் நான் வண்டி பார்த்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சண்டைக்குப் போகவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன், விட்டுவிட்டுப் போனான். பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்பதற்காகக் கைப்பிடியில் ஓர் ஒயர் உண்டு. அதில் தண்ணீர் இறங்கினால் பிரேக் பிடிக்காமலே மோட்டார் நின்றுவிடும். அதனால் மழைக்காலத்தில் எங்கள் குழுவில் அதைக் கழற்றிவிடுவது வழக்கம். கழற்றினால் பிரேக் பிடித்தாலும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே பிரேக்கை நன்றாக இறுக்க வேண்டும், சொந்தக்காரரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். நான் ஒயரைக் கழற்றினேன். பிரேக்கை இறுக்கவில்லை, தளர்த்தினேன். சமதரையில் வித்தியாசம் தெரியாது. விழுந்து கை காலைச் சிராய்த்துக்கொண்டால், குறை வண்டியில் இல்லை, அவனுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று எல்லாருக்கும் புரியும் என நினைத்தேன்.

வண்டியை எடுக்க அவன் வரவில்லை. அவன் மனைவி லாவண்யா வந்தாள்.

"அவருக்கு ஃபீவர் சார், நானே ஓட்டிட்டுப் போறேன். எனக்கு இந்த வண்டி ரொம்பப் பிடிக்கும். அவர்தான் சும்மா ஏதாச்சும் சொல்லிட்டே இருப்பாரு" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளில் அந்த வண்டியை மனதாரப் பாராட்டியவள் அவள் ஒருத்திதான். மார்க்கெட் போய்விட்டு வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

"மேம்பாலத்து இறக்கத்துல தைரியமா போலாமா சார்?" என்று கேட்டாள்.

"தாராளமா போங்கம்மா" என்றேன்.

இறக்கத்தின் அடியில் நின்ற லாரியையும், அவளையும் நீங்கள் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். செய்தது நான்தான். அதற்குப் பிறகு கண்ணை மூடினாலே அவள் கேட்டதுதான் காதில் விழுகிறது. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கேட் தாண்டுவதற்குள் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது, சார். ஆனால் சொல்லியிருந்தால், வண்டி சரியில்லை என்று அவளும் நினைத்திருப்பாள்.