திருநீற்றுக் கட்டி

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் ஒரு மருந்துப் பை.

"பூசை மாடத்துல இருந்த திருநீத்துக் கட்டியக் கடிச்சுத் தின்னுட்டேன்க்கா," என்றாள் தங்கை.

கையிலிருந்த போனை நான் அணைத்துவிட்டேன்.

"எதுக்குடி?"

"நாக்கு கேக்குது. ரத்தத்துல இரும்புச் சத்து இல்லேன்னா இப்பிடித்தான் மண்ணு, சாம்பலுன்னு தேடுமாம். வயித்தச் சின்னதாக்கி ஆபரேசன் பண்ணி நாலு வருசம் ஆச்சுல்ல, திங்கிற சத்து ஒடம்புல ஒட்டலையாம். டாக்டரம்மா சொன்னாக."

"மாத்திர போட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"நல்லாத்தான இருக்கோம்னு நடுவுல விட்டுட்டேன்."

அக்கா தங்கையின் தலையில் லேசாகக் குட்டினாள்.

"நான் திங்கிறத அத்தை பாத்துட்டாக. மசக்கைன்னு நெனச்சுக்கிட்டாக."

"இல்லேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"பிள்ளை தங்கணும்னுதான ஒடம்பக் கொறைக்க ஆபரேசனே பண்ணுனேன். இல்லேன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அத்தை அழுதுட்டாக."

"இன்னைக்காவது சொல்லிரு."

"எறங்குனதும் சொல்லிருறேன்."

நிறுத்தத்தில் அந்த மாமியாரே வந்து காத்திருந்தார். இறங்கியவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையக் குடு ஆத்தா. நீ இனிமே எதையும் சொமக்கக் கூடாது."

வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"புள்ளத்தாச்சிக்குக் குடுக்குற இரும்புச் சத்து மாத்திரைதான இது," என்று அட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தங்கை வாயைத் திறந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.