பெயரைப் பார்த்தாரு, பாம்பைப் பார்க்கல

...இந்த இடத்துல நிறுத்தி ஒரு கதை சொல்லிட்டு மேல போறேன். சின்னதுதான். அஞ்சு நிமிஷம் எனக்குக் கொடுங்க.

ஃபேஸ்புக்ல ஒரு குழு. மூவாயிரம் பேர் இருக்காங்க. என்ன வேலை அந்தக் குழுவுக்கு? வீட்டுல, தோட்டத்துல பாம்பு வந்தா போட்டோ எடுத்துப் போடணும். விஷமுள்ளதா, இல்லாததான்னு தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. நல்ல காரியம்தானே?

அதுல பதில் சொல்றதுல பேர் வாங்கினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் ஞானசிகாமணி. நாகர்கோவில்காரர், விலங்கியல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னொருத்தர் ரஹ்மத் நிஷா. கம்பத்துல ஒரு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன்.

ஒரு நாள் சார் ஒரு பாம்புக்குப் பேரைத் தப்பாச் சொல்லிட்டாரு. அந்தம்மா எல்லாருக்கும் முன்னாடி திருத்திட்டாங்க. அவ்வளவுதான்... அன்னைக்கு ஆரம்பிச்சது, ரெண்டு வருஷம் ஓடுச்சு. "ரத்தம் டெஸ்ட் பண்றவங்களுக்குப் பாம்பைப் பத்தி என்ன தெரியும்?"னு அவர் எழுதுவாரு. அவரோட பழைய தப்பையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்தம்மா போடுவாங்க. சார் பக்கம் ஒரு கூட்டம், அந்தம்மா பக்கம் ஒரு கூட்டம். பாம்பு போட்டோவுக்கு அடியில பாம்பைப் பத்தின பேச்சே இல்ல!

அப்படி இருக்கறப்போ ஒரு நாள் காலையில நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வச்சிருக்கிற மாதேசன்னு ஒருத்தர் போட்டோ போட்டாரு. அவர் சம்சாரம் பூங்கொடி தீவன மூட்டையை நகர்த்தியிருக்காங்க. கையில ஏதோ சுருக்குன்னு பட்டிருக்கு. பார்த்தா மூட்டைக்கு அடியில கருப்புப் பாம்பு, உடம்புல வெள்ளைப் பட்டை. வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. கடிச்சதான்னே தெரியல.

நிஷாதான் முதல்ல பார்த்தாங்க. "இது கட்டுவிரியன். வலிக்கலேன்னு உட்கார்ந்துடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு எழுதி, மாதேசனோட நம்பரைக் கேட்டு வாங்கி, தன் நம்பரையும் அங்கேயே போட்டாங்க.

ரெண்டாவதா சார் வந்தாரு. அவர் கண்ணுல முதல்ல பட்டது என்ன? பாம்பா? இல்லீங்க... அந்தம்மா பேர்! கை தானா டைப் அடிச்சிருச்சு: "இது வெள்ளிக்கோல் வரையன். விஷமே கிடையாது. ஜனங்களை வீணா பயமுறுத்தாதீங்க."

வாத்தியார் சொல்லிட்டாரு. பத்து நிமிஷத்துல அறுபது லைக். மாதேசன் சம்சாரத்துக்கு டீ போட்டுக் கொடுத்து உட்கார வச்சிட்டாரு.

நிஷா போன் பண்ணாங்க. மாதேசன் மரியாதையாத்தான் சொன்னாரு: "அந்த சார் விஷமில்லைன்னு சொல்லிப்போட்டாருங்களே, மேடம்."

அங்க நாகர்கோவில்ல சார் காப்பி குடிச்சிட்டு, யார் யார் லைக் போட்டிருக்காங்கன்னு பார்க்கத் திரும்பவும் போனைத் திறந்தாரு. அப்போதான் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தாரு. வெள்ளிக்கோல் வரையனா இருந்தா தலைப் பக்கம் பட்டை தெளிவா இருக்கணும், வாலுக்குப் போகப் போக மங்கணும். இது தலைப் பக்கம் மங்கல், வால் பக்கம் பளிச்சுன்னு... முப்பது வருஷம் கரும்பலகையில படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த வித்தியாசம்!

இப்ப யோசிச்சுப் பாருங்க. மூவாயிரம் பேர் பார்த்துட்டு இருக்காங்க. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? சத்தமில்லாம அழிச்சிடலாம்... இல்லையா? அவர் அழிக்கல. "நான் சொன்னது தப்பு. ரஹ்மத் நிஷா சொன்னதுதான் சரி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு எழுதினாரு.

என்ன ஆச்சு தெரியுமா? யாரும் நம்பல! அவர் ஆளுங்களே, "சார் அக்கவுண்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, நம்பாதீங்க"ன்னு வரிசையா எழுதறாங்க. நிஷா சொல்றது சரின்னு அவர் கையால எழுதினா, அது அவரா இருக்க முடியாதாம். ரெண்டு வருஷமா சம்பாதிச்ச பேர் அது.

வேற வழியில்லாம அந்தம்மாவுக்கே போன் பண்ணாரு. முதல் தடவை. "அம்மா, ஞானசிகாமணி பேசறேன். நான் தப்பு பண்ணிட்டேன்." அந்தம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசல. "லைன்லயே இருங்க சார். உங்க குரலைக் கேட்டாத்தான் அவர் கிளம்புவாரு"ன்னு சொல்லி மாதேசனையும் இழுத்து மூணு பேரையும் ஒரே லைன்ல சேர்த்தாங்க. அதுக்குள்ள பூங்கொடிக்குக் கண் இமை தொங்க ஆரம்பிச்சிருச்சு. "தூக்கம் வருதுங்கறா சார்"ன்னாரு மாதேசன். "அது தூக்கம் இல்ல தம்பி, விஷம். வண்டியை எடு!"ன்னு கத்தினாரு வாத்தியார்.

நாலு நாள் வென்டிலேட்டர்ல இருந்தாங்க பூங்கொடி. பிழைச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் குழுவுல, நிஷா பக்கத்து ஆளுங்க, "இந்த ஆளை வெளியில தள்ளணும்"னு கிளம்பினாங்க. நிஷா எழுதினாங்க: "ரெண்டு வருஷமா அவர் சொன்ன எதையும் நான் நம்பினதில்ல. தப்புன்னு அவரே சொன்ன அன்னைக்குத்தான் நம்ப ஆரம்பிச்சேன். அவர் இருக்கட்டும்."

இதை ஏன் சொல்றேன்? நம்ம வாசகர் வட்டக் குழுவையே எடுத்துக்குங்க. போன வாரம் ஒருத்தர் எழுதினதுக்கு எழுபத்தி ரெண்டு பதில். நான் உட்கார்ந்து எண்ணினேன். அதுல அவர் எழுதின விஷயத்தைப் பத்தி எத்தனை? மூணு. மீதி அத்தனையும் அவரைப் பத்தி! ஒருத்தர் பேரைப் பார்த்ததுமே இவர் சொன்னா பொய்தான்னு முடிவு கட்டினா, அவர் உண்மை சொல்ற அன்னைக்கு நஷ்டம் அவருக்கா? நமக்குங்க... நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தருக்கு!

நம்பகம்னா ஒரு நாளும் தப்பு பண்ணாம இருக்கிறது இல்ல. நம்ம எதிராளி சொன்னது சரின்னா, எல்லாரும் பார்க்க, "அவர் சொன்னதுதான் சரி"ன்னு எழுதற கை இருக்கே... அதுதான் நம்பகம். உங்கள்ல யாருக்கு அந்தக் கை இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இன்னைக்கே ஒருத்தருக்கு அதை எழுதுங்க.