உப்பாயி ஊருணி

மம்பட்டியை ஓரமா வச்சுட்டு நிழலுக்கு வாங்க. கையில குடுத்த உப்புக்கல்லை யாரும் கீழ போட்டுறாதீங்க. தூர் வார வந்த எடத்துல எதுக்குய்யா இந்த ஆளு உப்பை நீட்டுறான்னு முழிக்கிறீங்க, தெரியிது. சொல்றேன். அதை நாக்குல வச்சுக்கிட்டே கேளுங்க.

அப்பல்லாம் கடலு இன்னும் கிட்டக்க இருந்துச்சாம். இந்தச் செங்கானேந்தல்ல எங்க தோண்டினாலும் உப்புத்தண்ணிதானாம். பருப்புப் போட்டா வேகாதாம். பொண்ணு கேட்டுப் போனா, அந்தத் தண்ணியில எங்க புள்ள எப்பிடிப் பொங்கித் திங்கும்னு வாசலோட அனுப்பிருவாகளாம். நல்ல தண்ணி வேணும்னா பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊருக்கு நடக்கணும். அங்க, "வந்துருச்சுக, கரிச்ச வாய்க்காரிக"ன்னு சிரிப்பாகளாம்.

அப்ப பூவலிங்கம்னு ஒரு பெரிய மனுசன்தான் ஊருக்குத் தலைவரு, அம்பலம்னு சொல்லுவாக. கோடையிலயும் இந்தப் பள்ளத்துல மட்டும் புல்லு பச்சையா நிக்கிதே, அடியில நல்ல ஊத்து இருக்கும்னு அவருதான் சொன்னாராம். வெட்டுவோம், ஆனா மழைக்கு முன்னால தண்ணியைக் கண்டுறணும், இல்லைன்னா கரை சரிஞ்சு குழி மூடிரும்னாராம். சரின்னு ஊரே எறங்குச்சு.

எறங்குனவுக சும்மா எறங்கலை. உப்பு தின்னவன் வெட்டுனா ஊத்தும் உப்பாப் போயிரும்னு எவனோ சொல்லி வைக்க, அத்தனை பேரும் தலையாட்டிட்டாக. காளி கோயில்ல சத்தியம் ஆச்சு. நல்ல தண்ணியைக் காணுற வரைக்கும் கஞ்சியில உப்பில்ல. ஊறுகா இல்ல. கருவாடு இல்ல. ஊருக் கெணத்துத் தண்ணியும் ஆகாது. அடுத்த ஊருல கெஞ்சி, வண்டியில பானை பானையா நல்ல தண்ணி வந்துச்சாம்.

வெயிலா அது, நெருப்பு. வெட்டுனானாம், வேர்த்தானாம், தண்ணி குடிச்சானாம். வெட்டுனானாம், வேர்த்தானாம், தண்ணி குடிச்சானாம். கொஞ்ச நாள்ல ஒருத்தனுக்குக் கெண்டைக்கால் இழுத்துச்சாம். தண்ணியைக் குடுன்னாக. குடுத்தாக. இன்னொருத்தன் தலை வலிக்குதுன்னானாம். தண்ணியைக் குடுன்னாக. குடுத்தாக. அவன் அதையும் வாந்தி எடுத்துட்டு விழுந்தானாம். குடிக்கக் குடிக்க விழுகுறாக. விழுக விழுக ஊத்துறாக. தண்ணி இல்லாத ஊருல தண்ணியைக் குடிச்சே ஆளு சாயுதுன்னா என்ன சொல்றது?

இந்தக் கூட்டத்துல மண் சொமந்தவதான் இருளாயி. அவ புருசன் சாத்தையா, குழியில முதல் மம்பட்டிக்காரன். ஒரு நாள் உச்சி வெயில்ல அவனும் சாஞ்சான். இவ ஓடிப்போயி அவன் தலையை மடியில தூக்கி வச்சா, கட்டுன பொண்டாட்டியைப் பாத்து, "யாருத்தா நீ, எந்த ஊரு?"ன்னு கேட்டானாம்.

அம்பலம் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "ஆத்தாவுக்கு இஷ்டமில்ல. குழியை மூடிருவோம்"னாராம்.

அழுதுக்கிட்டே நிமுந்தவளுக்கு எதுக்க ஒருத்தன் கண்ணுல பட்டானாம். வாழவந்தான்னு பேரு. ஊரே சாஞ்சு கெடக்க, அவன் மட்டும் குழிக்குள்ள எருமை கணக்கா வெட்டிக்கிட்டு நிக்கிறான். இருளாயிக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. தெனமும் அவன் மண்கூடையைத் தூக்கி விடுறப்ப ஒரு வாடை வருமாம். விறுவிறுன்னு எறங்கி அவன் வேட்டி மடிப்பை இழுத்தா, பொலபொலன்னு விழுகுது நெத்திலிக் கருவாடு. திருட்டுப் பய, சத்தியம் பண்ணுன அன்னைக்கே தின்ன ஆரம்பிச்சிருக்கான்.

அவனை அவ திட்டலையாம். நேரா வீட்டுக்கு ஓடுனா. பழைய சோத்து நீச்சத்தண்ணியை மொண்டா, கருப்பட்டியைத் தட்டிப் போட்டா, உப்பைக் கிள்ளிப் போட்டா. கலக்கிக் கொண்டாந்து சாத்தையா வாயில தேங்காச் செரட்டையால கொஞ்சம் கொஞ்சமா விட்டா. ஊரு பாத்துருச்சு.

"ஏ இருளாயி, சாமி சத்தியத்தையா முறிக்கிற? ஊத்து உப்பாப் போனா ஊருக்கு யாரு பதில் சொல்றது?"ன்னு அம்பலம் வந்து நின்னாரு.

அவ எந்திரிக்கலை. புருசன் வேட்டியைத் தூக்கிக் காட்டுனாளாம். காஞ்ச வேர்வை அதுல வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு.

"மாமா, இது என்ன? நாக்குல வச்சுப் பாருங்க. இத்தனை பேரு வேர்வையும் தெனந்தெனம் இந்தக் குழிக்குள்ளதான விழுந்துச்சு? அது உப்பில்லாம சர்க்கரையா? குழிக்குப் போற உப்பு எப்பவோ போயிருச்சு. இவுக உடம்புலதான் இல்லாமப் போச்சு. உப்பு போன உடம்புல வெறுந்தண்ணியை ஊத்துனா அது எப்பிடி நிக்கும்? நாளைக்கு ஊத்து கரிச்சா நான் குழிக்குள்ள நிக்கிறேன். என்னைய வச்சு மூடிருங்க."

அம்பலம் தன் நெத்தி வேர்வையை விரலால தொட்டு நாக்குல வச்சாராம். பெறகு அவ முன்னால குத்தவச்சு உக்காந்து, "எனக்கும் ஒரு செரட்டை ஊத்துத்தா"ன்னாராம்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு பானை வந்துச்சு. ஒரு அவசரக்காரன் பிடி உப்பை அள்ளி வாயில போட்டு ஓங்கரிச்சிருக்கான். அவன் தலையில ஒரு தட்டுத் தட்டி, கண்ணீரு கரிக்கிறதுக்கும் கொஞ்சம் கொறச்சலா இருக்கணும்டா, அதுக்கு மேல போட்டா அதுவும் கெடுதின்னாளாம் இருளாயி. பொழுது சாயுறதுக்குள்ள சாத்தையா கண்ணு தெளிஞ்சுச்சு. "இருளாயி, என் மம்பட்டி எங்க?"ன்னான். பேரு சொல்லிக் கூப்பிட்டானேன்னு அவ அந்த எடத்துலயே அழுதாளாம்.

மறுநாள்ல இருந்து வெட்டுனாக பாருங்க, அதுதான் வெட்டு. வெட்டுனானாம், வேர்த்தானாம், உப்புக்கஞ்சி குடிச்சானாம். ஒருத்தனும் விழுகலை. வானம் கருத்து இடி இடிக்கிறப்ப சாத்தையா மம்பட்டிக்கு அடியில மணல்ல தண்ணி கசிஞ்சுச்சாம். எல்லாரும் கரையில நிக்கிறாக, ஒருத்தருக்கும் தொட்டுப் பாக்கத் தைரியமில்ல. சொன்ன சொல்லுக்கு இருளாயிதான் எறங்குனா. குழி நடுவுல நின்னு அள்ளிக் குடிச்சா. செரட்டையில மொண்டு அம்பலத்துக்கு நீட்டுனா. குடிச்ச மனுசன் துண்டை வானத்துக்கு வீசுனாராம். பொம்பளைங்க போட்ட கொலவை அடுத்த ஊருக்குக் கேட்டுச்சாம். கேக்கட்டும்னுதானே போட்டாக.

அடுத்த கோடையில அந்த ஊரு கண்மாய் வத்திப்போச்சு. கரிச்ச வாய்க்காரின்னு சிரிச்சவுக குடத்தோட வந்து நின்னாக. இருளாயிதான் எல்லாருக்கும் மொதல்ல மொண்டு ஊத்துனாளாம். அன்னையில இருந்து அவ உப்பாயி, இது உப்பாயி ஊருணி.

அதான் இங்க மம்பட்டி புடிக்கிறவுக நாக்குல உப்பு வைக்காம குழிக்குள்ள எறங்கக்கூடாது. அதை எங்க வீட்டு ஆளுதான் குடுக்கணும்னும் வழக்கம். ஏன்னா அந்த வாழவந்தான் வேற யாருமில்ல, எங்க பாட்டனுக்குப் பாட்டன். அவன் ஒளிச்சுத் தின்னதை நாங்க ஊரறியக் குடுக்குறோம்.

உப்பு கரைஞ்சிருச்சா? அப்ப எந்திரிங்க. நடுக்குழியில இன்னும் ஊறிக்கிட்டிருக்கு, ஒரு கை அள்ளிக் குடிச்சுட்டு மம்பட்டியை எடுங்க. வேணும்னா ஊருக்குப் போயிச் சொல்லுங்க, உப்பாயி பேரு வச்ச தண்ணி எப்பிடி இனிக்குதுன்னு.